கோழி இறகும் குளிர்ந்த ஆறும்

சேவலின் கழுத்திலிருந்து ஓர் இறகை எடுத்து, தூண்டில் முள்ளில் நூலால் சுற்றிக் கட்டி, புழுவும் இல்லாமல் இறாலும் இல்லாமல் ஓடுகிற ஆற்றில் வீசினால் மீன் கடிக்கும் என்று சொன்னால் நம்புவீர்களா? வாத்தியாருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று சிரிப்பீர்கள். ஆனால் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் இதை எழுதி வைத்துவிட்டார். மாசிடோனியா நாட்டில் ஓர் ஆறு. அதன் மேல் ஒரு வகைப் பூச்சி பறக்கிறது. புள்ளி போட்ட மீன்கள் எழும்பி எழும்பி அதைத் தின்கின்றன. பூச்சியைப் பிடித்து முள்ளில் குத்தலாம் என்றால், கை பட்டதுமே நிறம் போய்ச் சிறகு வாடிவிடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? கருஞ்சிவப்புக் கம்பளி நூலை முள்ளில் சுற்றினார்கள். சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகுகளில் இரண்டை அதில் கட்டினார்கள். ஆறடிக் கோல், ஆறடிக் கயிறு. மீன் ஏமாந்தது.

அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. இந்தியச் சேவல்களின் கழுத்து இறகு, தோலோடு பதப்படுத்தப்பட்டு, மேல்நாட்டுத் தூண்டில் கடைகளில் நல்ல விலைக்குப் போகிறது. குழம்பு கொதிக்கும்போது நாம் குப்பையில் எறிகிற பொருள்! நம் வீட்டு அம்மாமார்கள் இதைக் கேட்டால், இத்தனை நாள் எத்தனை வெள்ளியை வீசியெறிந்தோம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

நாம் தூண்டில் போடும்போது ஈயக் குண்டு முன்னால் பறக்கிறது. தங்கூசி நரம்பு அதன் பின்னால் போகிறது. இறகுத் தூண்டிலில் குண்டு கிடையாது. இறகு ஈக்கு எடையே இல்லை. ஆகவே கயிற்றையே கனமாகச் செய்திருக்கிறார்கள். அந்தக் கனத்த கயிற்றைத் தலைக்கு மேலே பின்னும் முன்னுமாக வீசி, அதன் வேகத்தில் முனையிலுள்ள மெல்லிய நரம்பையும் ஈயையும் தண்ணீர் மேல் பஞ்சு விழுவதுபோல் இறக்குகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வீச்சைக் கற்றுக்கொள்வது பாதி வேலை என்றுகூடச் சொல்லமாட்டேன். முக்கால் வேலை ஆற்றைப் பார்ப்பதில் இருக்கிறது. அந்த முக்கால் வேலையைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்த வேடிக்கைக்கெல்லாம் நாயகன் ‘டிரவுட்’ என்னும் மீன். அதில் இரண்டு வகை பெயர்பெற்றவை. ஒன்று ஐரோப்பாவைச் சேர்ந்த பழுப்பு டிரவுட். மற்றொன்று வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளுக்குச் சொந்தமான வானவில் டிரவுட். விலாவில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடுவதால் அந்தப் பெயர். இரண்டுமே குளிர்ந்த, தெளிந்த, ஓடுகிற தண்ணீரில் வாழ்பவை. தண்ணீரின் வெப்பம் 10 முதல் 18 பாகை செல்சியஸ் வரை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். 20 பாகையைத் தாண்டினால் சோர்ந்து இரையெடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். 25 பாகையில் உயிருக்குப் போராடும். நம் மலாக்கா ஆற்றின் தண்ணீர் 27, 28 பாகைக்குக் குறைவது அபூர்வம். ஆகவே பாச்சாங் பக்கம் யாரும் டிரவுட்டைத் தேடிக் கிளம்ப வேண்டாம்!

ஏன் இந்தக் குளிர்ப் பைத்தியம்? காரணம் பிராணவாயு. தண்ணீரிலும் காற்று கரைந்திருக்கிறது. மீன் அதைத்தான் செவுளால் மூச்சுவிடுகிறது. 10 பாகையில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான். சூடாகச் சூடாகத் தண்ணீரில் மூச்சு குறைகிறது. விராலும் கெளுத்தியும் குட்டையிலும் சேற்றிலும் சமாளிக்கும். விரால் தலையை மேலே நீட்டி வெளிக் காற்றையே குடித்துவிடும். டிரவுட்டுக்கு அந்த வித்தை தெரியாது. ஆற்றில் ஏதேனும் கெட்டுப்போனால் முதலில் துவண்டு விழுவது அதுதான்.

இப்படிப்பட்ட குளிர்தேச மீன் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. நீலகிரியில் இருக்கிறது. தானாக வரவில்லை, கொண்டுவந்தார்கள்.

பிரான்சிஸ் டே என்ற இராணுவ மருத்துவர், இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர், 1863 இல் இங்கிலாந்திலிருந்து முட்டைகளை வரவழைத்து நீலகிரியில் டிரவுட்டை வளர்க்க முயன்றார். பலிக்கவில்லை. நீராவிக் கப்பலும் பனிக்கட்டியும் பாசியுமாக உலகமெங்கும் இந்த மீனுக்குப் பயண ஏற்பாடு நடந்த காலம் அது. 1864 இல் தாஸ்மேனியாவுக்கு, ஈரப் பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு அடியில் வைத்து, முட்டைகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. 1880 களில் இலங்கை நுவரெலியாவுக்கு வந்தன. 1900 இல் காஷ்மீர். நீலகிரியில் ஹெச். சி. வில்சன் என்பவர் மீண்டும் முயன்று வெற்றி பெற்றார். 1907 இல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து என்று பல இடங்களிலிருந்து முட்டைகள் வந்தன. நிலைத்து நின்றது வானவில் டிரவுட். உதகைக்கு மேற்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் இடையே ஓடும் ஓடைகள் அதற்குப் பிடித்துப்போயின. மூணாறிலும் தேயிலைத் துரைமார்கள் இராஜமலைப் பக்கத்து ஓடைகளில் விட்டு வளர்த்தார்கள். இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியிலும் அது பெருகியது.

யாருக்காக இவ்வளவு பாடு? துரைமாரின் விடுமுறைப் பொழுதுபோக்குக்காக. இதில் வேடிக்கை என்னவென்றால், நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீன்களையும் காப்பதற்கென்று 1879 லேயே சட்டம் வந்துவிட்டது. டிரவுட் நிலைகொள்வதற்கு ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன்பே அதற்குக் காவல் தயார்! மேட்டில் கொழுந்து கிள்ளியவர்களின் லயத்துக்கு நல்ல தண்ணீர் வந்ததா என்று கேட்கச் சட்டம் இருந்ததா என்பது வேறு கதை. அந்தக் கோபம் எனக்கு உண்டு. ஆனாலும் அந்தத் துரைமார்கள் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரையில் நின்று கற்ற பாடம் ஒன்று இருக்கிறது. அதற்கு உரிமைச் சீட்டு தேவையில்லை, யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆறு ஒரே ஆறாக இருப்பதில்லை என்பதே அந்தப் பாடம். காலையில் பார்த்த ஆறு மாலையில் இல்லை. மாசியில் பார்த்த ஆறு ஆடியில் இல்லை. மீன் அதற்கேற்ப இடம் மாறும், இரை மாறும், பசி மாறும்.

குளிர் நாடுகளில் வசந்த காலம்தான் இதற்குப் பெரிய சோதனை. இங்கிலாந்தில் மார்ச் மாதத்தில் தண்ணீர் இன்னும் கடுங்குளிர். மீன் ஆழத்தில் அசையாமல் கிடக்கும். விடியற்காலையில் எழுந்து ஓடுவதால் பயனில்லை. வெயில் ஏறி, நண்பகலுக்கும் மூன்று மணிக்கும் இடையில் தண்ணீர் ஓரிரு பாகை சூடேறும்போது, அடியில் கல்லுக்குக் கீழே புழுவாக வாழ்ந்த பூச்சிகள் மேலே மிதந்து வந்து சிறகு விரிக்கும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ மீன்கள் விழித்துக்கொண்டு பந்தி உண்ணும். அதன் பிறகு எல்லாம் அடங்கிவிடும். அமெரிக்க மலைகளிலோ நிலைமை வேறு. மே, ஜூனில் பனி உருகி ஆறு பெருகிக் கலங்கிவிடும். நல்ல வெயிலடித்தால் ஆறு இன்னும் கெட்டுப்போகும்; ஏனென்றால் வெயில் பனியை உருக்குகிறது. மேகமூட்டமான குளிர்நாள் வந்தால் உருகுவது குறைந்து தண்ணீர் சற்றுத் தெளியும். தூண்டில்காரர் வானத்தைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

நீலகிரியில் பனி உருகுவது ஏது? அங்கே மார்கழி, தை மாதங்களில் புல்வெளியில் உறைபனி விழும். குளிர் மாதங்களில் டிரவுட் சினைபிடித்து, ஓடையின் பருக்கைக் கற்களில் குழி பறித்து முட்டையிடும். மாசி, பங்குனியில் வானம் வெளுக்கும், ஆறு இறங்கும், தண்ணீர் கண்ணாடியாகிவிடும். அதுதான் அங்கே வசந்தம். சித்திரை, வைகாசியில் இடியோடு கோடைமழை ஒன்றிரண்டு. ஆனியில் தென்மேற்குப் பருவமழை வந்து இறங்கியதும் ஓடைகளெல்லாம் பேயாய் மாறும். ஆகப் பனிக்கும் பருவமழைக்கும் நடுவில் உள்ள அந்த மூன்று நான்கு மாதங்களுக்குள் ஆறு மூன்று முகம் காட்டுகிறது.

முதல் முகம், வற்றித் தெளிந்த ஆறு. மீன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதற்கும் நீங்கள் தெரிவீர்கள். ஓடுகிற தண்ணீரில் மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து, மேல்முகமாக நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். மூச்சும் இரையும் அந்தத் திசையிலிருந்துதான் வருகின்றன. ஆகவே கீழ்ப்புறத்திலிருந்து, அதன் முதுகுப் பக்கமாக, குனிந்து மெல்ல நெருங்க வேண்டும். சூரியன் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் உங்களுக்கு முன்னே போய் மீனை எச்சரித்துவிடும். கரையில் தொப்புத் தொப்பென்று நடந்தால் அந்த அதிர்ச்சியை மீன் உடம்பாலேயே உணர்ந்துகொள்ளும். நரம்பு மிக மெல்லியதாக, ஈ மிகச் சிறியதாக இருக்க வேண்டும். வெயில் நேரத்தில் மீன் வெட்டவெளியில் நிற்காது. நுரைத்து விழுகிற நீரின் அடியில், கரைமரத்து நிழலில், பாறையின் பின்னால் இருக்கும். அங்கேதான் பிராணவாயுவும் அதிகம்.

இரண்டாவது முகம், ஏறுகின்ற ஆறு. எங்கோ மேலே மழை பெய்திருக்கிறது. இங்கே இன்னும் ஒரு துளி விழவில்லை. முதலில் ஒரு காய்ந்த இலை மிதந்து வரும். பிறகு நான்கைந்து, பிறகு சருகும் சுள்ளியும் நுரையுமாக வரும். தண்ணீரின் விளிம்பில் ஈரமில்லாமல் இருந்த கல் நனைந்துவிடும். ஓசை ஒரு சுதி கீழிறங்கும். அந்த முதல் அரைமணி நேரம் மீன் வெறிபிடித்ததுபோல் கடிக்கும். கரையிலிருந்து புழுவும் எறும்பும் வெட்டுக்கிளியும் அடித்து வரப்படுவதால் அதற்கு விருந்து. ஈசல் பறந்த அன்று குளத்து மீன் எப்படித் துள்ளுகிறது என்று பார்த்திருப்பீர்களே, அதுபோல. ஆனால் தண்ணீர் தே தாரிக் நிறத்துக்கு மாறியதும் எல்லாம் முடிந்தது. மீனுக்குக் கண் தெரியாது. நடு ஆற்றின் வேகத்துக்குப் பயந்து கரையோரத்துக்கு, வேர் இடுக்குக்கு, ஒதுங்கிவிடும். அனுபவசாலி அப்போது கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிடுவார்.

மூன்றாவது முகம், இறங்குகின்ற ஆறு. இதுதான் அருமையான நேரம். கலங்கல் படிந்து, தே தாரிக் மெல்ல மெல்ல தே-ஓ நிறத்துக்கு வரும். மீன் பசியோடிருக்கிறது, அதற்கு இரை தெரிகிறது, நீங்கள் அவ்வளவாகத் தெரிவதில்லை. சற்றுப் பெரிய, கருமையான ஈயைக் கட்டி, ஆழம் தொட விட வேண்டும். முழங்காலளவு நீரில் நின்று குனிந்து பார்த்தால் உங்கள் கால்விரல் மங்கலாகத் தெரிகிறதா? தெரிந்தால் தூண்டிலை வீசலாம்.

இதைச் சொல்ல எந்தக் கருவியும் வேண்டியதில்லை. கரையில் நட்ட ஒரு குச்சி, சொந்தக் கால்விரல், மிதந்து வருகிற இலை போதும். தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஆற்றின் அடியிலிருந்து ஒரு கல்லைப் புரட்டிப் பார்ப்பதும் தூண்டில்காரரின் வழக்கம். நல்ல ஆற்றுக் கல்லின் அடிப்புறத்தில் சிறு பூச்சிகள் ஒட்டிக்கொண்டு நெளியும். வாலில் இரண்டு மூன்று மெல்லிய முடியோடு, தட்டையாக, கல்லோடு கல்லாக அழுந்தியிருக்கும் ஒன்று. அதன் பெயர் மே ஈ. பல மாதங்கள் தண்ணீருக்கடியில் வாழ்ந்து, வெளியே வந்து சிறகு முளைத்த பின் ஓரிரு நாளில் மடிந்துவிடும். மணலையும் குச்சியையும் ஒட்டிச் சிறு குழாய் வீடு கட்டிக்கொண்டு நகரும் இன்னொன்றும் உண்டு. இவற்றைப் பார்த்துத்தான் இன்றைக்கு எந்த இறகு, எந்த நிறம் என்று அவர் முடிவு செய்கிறார். இந்தப் பூச்சிகள் அழுக்கு நீரில் வாழமாட்டா. கல்லின் அடியில் ஒன்றுமே இல்லையென்றால், அந்த ஆற்றில் மீனைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை.

இனி, பருவம் மாறுவதால் அல்லாமல் மனிதன் கைவைத்ததால் ஆறு மாறிய கதைக்கு வருகிறேன்.

நீலகிரியின் ஓடைகள் பல இன்று ஓடைகளாக இல்லை. பைக்காராவில் 1930 களில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். 1938 இல் முக்குருத்தி அணை வந்தது. பிறகு கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு 1950, 60 களில் குந்தா மின்திட்டம் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி என்று அணைகள் நின்றன. தமிழ்நாட்டு வீடுகளில் விளக்கு எரிந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வசந்தத்தில் தெளிந்தோடிய நீர் தேங்கி ஏரியாகிவிட்டது. டிரவுட் முட்டையிட ஓடுகிற நீரும் பருக்கைக் கல்லும் வேண்டும். ஏரி அடியில் சேறு. அணைக்குக் கீழேயோ, மின்நிலையம் ஓடும்போது வெள்ளம், நின்றால் வறட்சி. இலையும் சொல்லாது, மேகமும் சொல்லாது. மின்சார அலுவலகத்துக் கடிகாரம்தான் சொல்லும்! மேல்பகுதி ஓடைகள் சில முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் அடங்கிவிட்டன. 1990 இல் தேசியப் பூங்காவான அந்த இடம் வரையாட்டுக்கு உரியது. அங்கே தூண்டில் போடக்கூடாது. அது சரிதான் என்பதே என் எண்ணம். வெளிநாட்டு மீனைவிட அந்த மலைக்கே சொந்தமான ஆடு நமக்கு முக்கியம். டிரவுட் வந்து சேர்வதற்கு முன்பும் அந்த ஓடைகளில் சிறு மீன்களும் தவளைகளும் இருந்தன. பசித்த டிரவுட் அவற்றைக் கேட்டுக்கொண்டா தின்றிருக்கும்?

அதற்கும் மேலாக வானமே முறை மாறிவருகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் மலாக்கா நகரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 200 சென்டிமீட்டர் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்! மலை சரிந்தது, பாதை அறுந்தது. ‘அவலாஞ்சி’ என்ற பெயரே ஆங்கிலத்தில் சரிவைக் குறிப்பது; 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடந்த பெரிய மண்சரிவால் வந்தது என்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

“ஐயா, நீலகிரியும் டிரவுட்டும் இருக்கட்டும், நமக்கென்ன?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

நம்மிடமும் ஆற்றைப் படிக்கச் சொல்கிற மீன்கள் உண்டு. கெலா இருக்கிறது, செபராவ் இருக்கிறது. தாமான் நெகாராவில் தஹான் ஆற்றின் லூபோக் தெனோர் மடுவில் கெலா மீனுக்கென்றே காப்பகம் வைத்திருக்கிறார்கள். கெலாவின் உறவுக்கார மீன் ஒன்று காவிரியிலும் மோயாற்றிலும் உண்டு. முதுகு கூனிய பெரிய மீன். அது அழிவின் விளிம்பில் நிற்கிறது என்று 2018 இல் உலகப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இவையும் தெளிந்த, வேகமான, பிராணவாயு நிறைந்த நீரைக் கேட்பவைதாம். டிரவுட் போல் குளிர் கேட்கவில்லை, அவ்வளவே.

நம் தோட்டத்து ஆறுகள் கலங்கியது எப்போது என்று மூத்தவர்களைக் கேளுங்கள். ரப்பர் தொழிற்சாலைத் தண்ணீரும் செம்பனை ஆலைத் தண்ணீரும் ஆற்றில் விழுந்த காலத்தைச் சொல்வார்கள். ஆற்று நீர் ஒரு லிட்டரில் ஏழெட்டு மில்லிகிராம் பிராணவாயுதான் இருக்கும் என்று மேலே சொன்னேன். சுத்திகரிக்காத செம்பனை ஆலைக் கழிவு ஒரு லிட்டர் அழுகி முடிக்க ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் பிராணவாயுவைக் கேட்கிறது. ஒரு லிட்டர் கழிவு மூவாயிரம் லிட்டர் ஆற்று நீரின் மூச்சை நிறுத்திவிடும் என்று நம் ஆறாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போட்டுவிடும். 1974 இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977 இல் செம்பனை ஆலைகளுக்கும், 1978 இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிகள் வந்தன. செம்பனைக் கழிவுக்கு முதலில் 5,000 மில்லிகிராம் என்று வைத்த எல்லையை 1984 க்குள் 100 ஆக இறக்கினார்கள். சட்டத்தால் ஒரு தொழில் திருந்தியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் சட்டம் பார்க்காத நேரத்தில் பார்க்க ஒரு கண் வேண்டும். கல்லைப் புரட்டிப் பார்க்கிற பிள்ளையின் கண்ணைவிட அதற்குச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை.

ஆறு வற்றுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். 1991 இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் காய்ந்து, மலாக்கா மக்கள் வாளியும் குடமுமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றதை நடுவயதுக்காரர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

இன்னொன்று இதைவிட அவசரமானது. விடுமுறை வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அருவிக்குப் போகிறோம். லேடாங் மலை அடிவாரத்து அசகானுக்கும் போகிறோம். இன்னும் வடக்கே எங்கெங்கோ போகிறோம். பாறைமேல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம், வெயில் காய்கிறது, வானம் நீலமாக இருக்கிறது. மேலே மலையில் பெய்த மழை ஒரு மதிலைப் போல இறங்கி வந்துகொண்டிருக்கும். மலாய்க்காரர்கள் அதை ‘கெப்பாலா ஆயர்’, தண்ணீரின் தலை, என்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கெடாவில் குனோங் ஜெராய் பகுதியில் அப்படித்தான் வந்தது. ஆட்களை அடித்துக்கொண்டு போயிற்று. 2013 அக்டோபரில் கேமரன் மலை பெர்த்தாம் பள்ளத்தாக்கில் நள்ளிரவில் வந்தது மழைத் தலை மட்டுமல்ல. நிரம்பிய அணையிலிருந்து திறந்துவிட்ட நீர். அங்கும் உயிர்கள் போயின. ரிங்லெட்டில் உள்ள அந்த அணையில் மேட்டுக் காய்கறித் தோட்டங்களின் மண் ஆண்டுக்கணக்கில் வந்து படிந்து, நீர் தங்க வேண்டிய இடத்தைச் சேறு பிடித்துக்கொண்டிருந்தது. மண்ணைக் கொத்தியவருக்கும் கீழே உறங்கியவருக்கும் நடுவில் ஓர் ஆறுதான் தொடர்பு.

டிரவுட் தூண்டில்காரர் ஏறுகின்ற ஆற்றில் என்னென்ன பார்க்கிறார் என்று மேலே எழுதினேனே, அதையே மறுபடி படியுங்கள். திடீரென்று மிதந்து வரும் காய்ந்த இலை, சுள்ளி. தெளிந்த நீரில் ஒரு பக்கமாகப் புகும் மண் நிறம். காய்ந்திருந்த கல் நனைவது. நீரின் குளிர்ச்சி சட்டென்று மாறுவது. ஓசை கனப்பது. அவருக்கு அது மீன் கடிக்கும் அரைமணி நேரம். நமக்கு அது பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு மேடேற வேண்டிய நேரம். சில இடங்களில் அரைமணி என்ன, ஐந்து நிமிடம்கூட இருக்காது. செருப்பையும் சோற்றுப் பாத்திரத்தையும் எடுக்கத் திரும்பக்கூடாது. கீழ்த்திசையில் ஓடாமல், பக்கவாட்டில் கரைமேட்டுக்கு ஏற வேண்டும். அக்காமாரும் அண்ணன்மாரும் குளிக்கிற சின்னவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒருவர் குளிக்காமல் கரையில் உட்கார்ந்து மேல்திசையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஒரு மணிக்கொருவராக முறை மாறிக்கொள்ளலாம்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டுக்கோ தோட்டத்துக்கோ பக்கத்தில் ஓடுகிற ஆறு, கால்வாய் எதுவானாலும் சரி. பெரியவர் ஒருவர் உடன் போக வேண்டும். ஒரு மூங்கில் குச்சியில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு நீரோரத்தில் நடுங்கள். காலையும் மாலையும் எந்தக் கோட்டில் தண்ணீர் நிற்கிறது, என்ன நிறம், நேற்று மழை உண்டா, மேலே மழையா இங்கே மழையா என்று பழைய பயிற்சிப் புத்தகத்தில் எழுதுங்கள். சனிக்கிழமை ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்து, இருந்ததை வரைந்துவிட்டு, இருந்தபடியே திருப்பி வையுங்கள். அங்கே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வாரத்தில், மேலே மழை பெய்து எத்தனை மணி நேரத்தில் உங்கள் குச்சியில் தண்ணீர் ஏறுகிறது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். குச்சியைச் சேற்றில் நடாதீர்கள். முதல் வெள்ளத்திலேயே போய்விடும். கல்லிடுக்கில் செருகி, கரை வேரோடு சேர்த்துக் கம்பியால் கட்டிவிடுங்கள்.